அமைதியான தீவில் குடியேற மாதம் எவ்வளவு வேண்டும்? கணக்குப் போடும் முழு வழிகாட்டி

"மாதம் எவ்வளவு இருந்தால் போதும்?" வெப்பமண்டலத் தீவு ஒன்றில் போய்க் குடியேற நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பதிலும் உடனே கிடைத்துவிடும். வாடகை இவ்வளவு, மீன் இவ்வளவு, இளநீர் இவ்வளவு, மொத்தத்தில் இப்போது ஆகிற செலவில் பாதிகூட இல்லை என்பார்கள். அந்தக் கணக்கில் பொய் இல்லை. ஆனால் அது பத்து நாள் தங்கிவிட்டு வந்தவர் போட்ட கணக்கு. பத்து நாளில் ஃபிரிட்ஜ் பழுதாகாது, பல் வலிக்காது, விசா முடியாது.

தீவில் எதற்குச் செலவு கூடும், எதற்குக் குறையும் என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும்: இதற்காகக் கடலைத் தாண்ட வேண்டியிருக்கிறதா? ஒரு நோட்டை எடுத்து மூன்று தலைப்புகள் போடுங்கள். தீவுக்குள்ளேயே முடிவது, கடல் தாண்டி வருவது, நீங்களே கடல் தாண்டிப் போக வேண்டியது. முதலாவது பெரும்பாலும் மலிவு. இரண்டாவது விலை கூடுதல். மூன்றாவதை யாரும் எழுதுவதே இல்லை. கையைக் கடிப்பதும் அதுதான். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த மூன்று தலைப்புகளை நிரப்புவதற்குத்தான்.

1. வீடு தேடும் முன் விசாவைக் கணக்கிடுங்கள்

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வீடு பிடித்துவிடுகிறது, முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள், அப்புறம்தான் எத்தனை மாதம் தங்கலாம் என்று விசாரிக்கிறார்கள். விசாவில் இரண்டு விதமான பணம் உண்டு: கட்டணம், முடங்கும் பணம்.

தாய்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 50 வயது கடந்தவர்கள் ஓய்வுக்கால அடிப்படையில் தங்குவதை ஆண்டுதோறும் நீட்டிக்கலாம். அதற்கான அரசுக் கட்டணம் 1,900 பாட்தான். ஆனால் மாத வருமானம் 65,000 பாட் என்று காட்ட முடியாதவர்கள் அங்குள்ள வங்கியில் 8 லட்சம் பாட் வைத்திருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்து, அனுமதி கிடைத்து மூன்று மாதம் வரை அந்தத் தொகை அப்படியே இருக்க வேண்டும். மீதி மாதங்களிலும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. செலவான பணம் இல்லைதான், ஆனால் அவசரத்துக்கு எடுக்கவும் முடியாது. "கையிருப்பு" என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் தொகையில் இதைச் சேர்க்காதீர்கள்.

பார்படோஸ் வேறு மாதிரி. வெளியூர் நிறுவனத்துக்கு இணையவழியில் வேலை பார்ப்பவர்களுக்காக 2020இல் கொண்டுவந்த 12 மாத விசாவுக்கு ஆண்டு வருமானம் 50,000 அமெரிக்க டாலர் காட்ட வேண்டும். கட்டணம் தனிநபருக்கு 2,000 டாலர், குடும்பத்துக்கு 3,000. இதை 12ஆல் வகுத்து மாதச் செலவில் சேர்த்தால்தான் உண்மையான செலவு தெரியும்.

சுற்றுலா விசாவிலேயே ஓட்டிவிடலாம் என்று எண்ணி, சில மாதங்களுக்கு ஒருமுறை எல்லை தாண்டிப் போய்த் திரும்புகிறவர்களும் உண்டு. டிக்கெட், விடுதி, வேலை கெட்ட நாட்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். முறையான விசாவே மலிவாக இருக்கும். அதோடு, இப்படிப் போய்வருகிறவர்களுக்கு எந்த நாளிலும் "இனி வராதே" என்று எல்லையில் சொல்லிவிடலாம் என்ற பயமும் கூடவே வரும்.

2. எந்தத் தீவு என்பதைச் செலவை வைத்து முடிவு செய்யுங்கள்

கடற்கரை அழகாக இல்லாத தீவு அரிது. அதனால் அழகை விட்டுவிட்டு நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலில் அரசு எங்கிருந்து வரி எடுக்கிறது என்பது. கேமன் தீவுகளில் வருமான வரி கிடையாது. கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் உள்ளே வரும் பெரும்பாலான பொருள்களுக்கு 22 விழுக்காடு இறக்குமதித் தீர்வை. சம்பளத்தில் எடுக்காததைக் கடையில் எடுத்துக்கொள்கிறார்கள். மாறாக, மலேசியாவின் லங்காவி 1987 முதல் பொருள்களுக்குச் சுங்கத் தீர்வை இல்லாத தீவு. இரண்டையும் "வரி இல்லாத சொர்க்கம்" என்றே விளம்பரம் செய்வார்கள். மாதக் கடைசியில் உங்கள் கையில் நிற்கும் தொகை வேறுவேறாக இருக்கும்.

அடுத்தது கப்பல். சரக்கு எந்த வழியாக, எத்தனை கைமாறி வருகிறது? அமெரிக்காவில் 1920இல் வந்த கடல் வணிகச் சட்டத்தின்படி, ஒரு அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் கப்பல் அமெரிக்காவில் கட்டியதாக, அமெரிக்கர்களுக்குச் சொந்தமானதாக, பெரும்பாலும் அமெரிக்க மாலுமிகள் ஓட்டுவதாக இருக்க வேண்டும். இதனால் சரக்குக் கூலி ஏறுகிறது என்று, அமெரிக்காவைச் சேர்ந்த தீவுகளான ஹவாயிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் இந்தச் சட்டத்தைத் திட்டாத ஆள் குறைவு. நீங்கள் பார்க்கும் தீவுக்கு நேரடிக் கப்பல் வருகிறதா, பெரிய தீவில் இறக்கி மறுபடி படகில் ஏற்றுகிறார்களா என்று கேளுங்கள். ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் கூலி உண்டு.

மூன்றாவது நாணயம். பார்படோஸ் டாலர் 1975 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு இரண்டு என்றே நிற்கிறது. கிழக்குக் கரீபியன் டாலர் 1976 முதல் 2.70. அமெரிக்க டாலரில் வருமானம் உள்ளவருக்கு அங்கே தூக்கம் நன்றாக வரும். வேறு நாணயத்தில் ஓய்வூதியம் வாங்குபவருக்கு அந்த நிம்மதி இல்லை. கடந்த பத்தாண்டில் உங்கள் நாணயம் தீவின் நாணயத்துக்கு எதிராக எவ்வளவு மோசமாக விழுந்திருக்கிறது என்று பார்த்து, அந்த விகிதத்தில் பட்ஜெட் போடுங்கள். இன்றைய விகிதத்தில் போடாதீர்கள்.

கடைசியாகப் புயல். நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் 5 பாகைக்குள் சூறாவளி உருவாவது மிக அரிது. அதைத் தாண்டினால் காப்பீட்டுக் கட்டணத்தில் வித்தியாசம் தெரியும். கரீபியன் பக்கம் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அங்கே பல பாலிசிகளில் புயல் சேதத்துக்கு நீங்கள் முதலில் ஏற்க வேண்டிய பங்கு ஒரு நிலையான தொகையாக இருக்காது. காப்பீடு செய்த மொத்த மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று இருக்கும். 5 விழுக்காடு என்றால், 100 மதிப்புள்ள வீட்டில் 4 அளவுக்குச் சேதம் வந்தால் ஒரு பைசாகூடக் கிடைக்காது. 2017 செப்டம்பரில் இர்மா புயலுக்குப் பின் பார்புடா தீவில் இருந்த அத்தனை பேரையும் வெளியேற்ற வேண்டியதாயிற்று. அதே மாதம் மரியா புயல் அடித்த புவேர்ட்டோ ரிக்கோவில் கடைசி வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப ஏறக்குறைய 11 மாதம் ஆனது.

3. வாடகை: எந்த மாதத்தில் கேட்கிறீர்கள் என்பது முக்கியம்

சுற்றுலா நடக்கும் தீவில் ஒரே வீட்டுக்கு இரண்டு வாடகை உண்டு. தாய்லாந்தின் அந்தமான் கடல் பக்கத் தீவுகளில் மே முதல் அக்டோபர் வரை மழை. ஆள் வராது, வாடகை இறங்கும். ஜூனில் போய் மலிவாக வீடு பிடித்தவரிடம் நவம்பரில் வீட்டுக்காரர் வந்து "அடுத்த மாதத்திலிருந்து வேறு வாடகை" என்பார். அவர்மேல் தப்பில்லை, ஆண்டு வருமானத்தை அவர் நான்கைந்து மாதத்தில் எடுத்தாக வேண்டும். 12 மாதத்துக்கும் ஒரே வாடகை என்று எழுத்தில் வாங்குங்கள். அது மழைக்கால வாடகையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், கொடுக்கலாம்.

பாலி போன்ற இடங்களில் ஒரு வருட வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கேட்பது வழக்கம். மாத வாடகை குறைவு என்று மகிழ்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மூன்றாம் மாதத்தில் தீவு பிடிக்காமல் போனால் மீதி ஒன்பது மாதப் பணம் போனதுதான்.

வாங்கிவிடலாமா? முதல் இரண்டு ஆண்டு அந்தப் பேச்சே வேண்டாம். இந்தோனேசியாவில் வெளிநாட்டவர் முழு உரிமையோடு நிலம் வைத்திருக்க முடியாது. தாய்லாந்திலும் நிலம் வாங்க முடியாது. 30 ஆண்டு வரை குத்தகை எடுக்கலாம். உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கி வைப்பது என்று யாராவது யோசனை சொன்னால், அவர் தரகராக இருப்பார்.

4. மின்சாரம், தண்ணீர், துரு

இந்தப் படியில் கொஞ்சம் நிற்க வேண்டும். மலிவுத் தீவு விலை கூடிய தீவாக மாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

சின்னத் தீவுகளில் மின்சாரம் டீசலில் ஓடுகிறது. ஒரு லிட்டர் டீசலில் சுமார் மூன்றிலிருந்து நான்கு யூனிட் வரும். தீவில் டீசல் விலையை 3.5ஆல் வகுத்துப் பாருங்கள். எரிபொருளுக்கு மட்டுமே ஒரு யூனிட்டுக்கு அவ்வளவு ஆகிறது. கட்டணம் அதைவிடக் குறைவாக இருந்தால் அரசு மானியம் கொடுக்கிறது என்று பொருள். மானியம் என்றைக்கு வேண்டுமானாலும் குறையலாம். கடலடி கேபிளில் பெருநிலத்து மின்சாரம் வரும் தீவு என்றால் கவலை குறைவு. இன்னொன்று: வீட்டுக்காரர் தன் விலையில் யூனிட் கணக்குப் போடுகிறாரா, அரசு பில்லை அப்படியே தருகிறாரா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள்.

ஒன்றரை டன் ஏசி, இன்வெர்ட்டர் வகையானால், சராசரியாக மணிக்கு ஒரு யூனிட் என்று வையுங்கள். இரவு எட்டு மணி நேரம், 30 நாள்: 240 யூனிட். படுக்கையறை ஒன்றுக்கு மட்டும். 24இல் வைப்பதை 27ஆக்கி மின்விசிறியைப் போட்டால் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 6 விழுக்காடு மிச்சம். இதைவிடப் பெரிய மிச்சம் வீட்டைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவர், தளத்துக்கு மேல் நிழலே இல்லாத கான்கிரீட் கூரை என்றிருந்தால் படத்தில் அழகாக இருக்கும். பில் வந்தபின் யாரும் படம் பார்ப்பதில்லை. உயரமான கூரை, எதிரெதிர் சன்னல், நிழல் தரும் மரம் உள்ள பழைய வீடு கிடைத்தால் விடாதீர்கள்.

வீடு பார்க்கப் போகும்போது வரவேற்பறையை அப்புறம் பார்க்கலாம். நேரே பின்பக்கம் போய் ஏசியின் அவுட்டோர் யூனிட் முன் குனியுங்கள். நெருக்கமாக அடுக்கிய மெல்லிய அலுமினியத் தகடுகள் தெரியும். உப்புக்காற்று தின்ற தகடு வெளுத்துப் பொடி பூத்திருக்கும். விரல் நுனியால் தொட்டால் அப்பளமாக நொறுங்கும். அப்படி நொறுங்கினால் அந்த ஏசி வெப்பத்தை வெளியே தள்ள முடியாமல் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்திலேயே கதவுக் கீல், சன்னல் கொக்கி, கேஸ் அடுப்பின் பர்னர், வாஷிங் மெஷினின் அடிப்பாகம் ஆகியவற்றையும் பாருங்கள். வாங்கி எத்தனை மாதம் என்று கேளுங்கள். அந்தப் பதில்தான் உங்கள் பழுதுச் செலவு. அலை தெறிக்கும் தூரத்தில் இருக்கும் வீட்டுக்கும் அரை கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் வீட்டுக்கும் இதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லி விற்பதிலும் 304 ரகம் கடலோரத்தில் பழுப்பு விடும். 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம் தாங்கும். தாழ்ப்பாள், திருகாணி வாங்கும்போது அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

காற்றில் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேலேயே இருந்தால் பூஞ்சை வரும். தோல் செருப்பு, கேமரா லென்ஸ், புத்தகம் எல்லாம் அதற்கு விருந்து. ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்று வாங்க நேரிடும். அதற்கும் மின்சாரம் வேண்டும்.

தண்ணீர் பற்றி ஒரு அறிவியல் சேதி. தாழ்வான தீவுகளில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு வில்லை போல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல நீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் இருக்கும் என்பது கணக்கு. அதையே திருப்பிப் போட்டால், அளவுக்கு மீறி இறைத்து மேலே கொஞ்சம் இறங்கினாலும் கீழிருந்து உப்பு வேகமாக ஏறும். கோடையில் கிணறு கரிப்பது இதனால்தான். அப்புறம் லாரித் தண்ணீர்தான்.

மழைநீர்த் தொட்டி உள்ள வீடாக இருந்தால் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்து ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 8,000 லிட்டர் சேரும். ஆளுக்கு நாளைக்கு 100 லிட்டர் என்றால் இருவருக்கு 40 நாள். தீவில் மழை இல்லாத காலம் எத்தனை நாள் என்று கேட்டு, தொட்டியின் கொள்ளளவோடு ஒப்பிடுங்கள். இடைவெளி எத்தனை நாளோ அத்தனை நாளுக்குத் தண்ணீர் விலைக்கு வாங்க வேண்டும்.

5. சாப்பாடு

இதில் சொல்ல அதிகமில்லை. தீவு சாப்பிடுவதைச் சாப்பிட்டால் மலிவு, பழைய ஊரில் சாப்பிட்டதைத் தீவில் தேடினால் விலை. மீன், தேங்காய், வாழை, கிழங்கு, கீரை ஒரு பக்கம். பாலாடைக்கட்டி, ஆப்பிள், ஒயின் இன்னொரு பக்கம். பின்னதெல்லாம் குளிரூட்டிய பெட்டியில் கடல் தாண்டி வருகிறது. கப்பல் எந்தக் கிழமை வருகிறது என்று தெரிந்துகொண்டு மறுநாள் காலை கடைக்குப் போங்கள். ஒரு வாரத்துக்கு அரிசி, எண்ணெய், பால்மாவு எப்போதும் வீட்டில் கூடுதலாக இருக்கட்டும். கடல் கொந்தளிக்கும் வாரத்தில் பணம் இருந்தாலும் அலமாரியில் பொருள் இருக்காது.

6. போக்குவரத்தும் இணையமும்

ஸ்கூட்டர் வாடகை மலிவு. ஆனால் உங்கள் உரிமமும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இருசக்கர வாகனத்துக்குச் செல்லுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கார் உரிமத்தோடு ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால், காப்பீட்டு நிறுவனம் மருத்துவச் செலவைத் தர மறுக்கலாம். அந்த ஒரு விபத்து பல ஆண்டு வாடகையை விழுங்கிவிடும்.

இணையத்தை நம்பிப் பிழைப்பவர் இரண்டு இணைப்புகளுக்குப் பட்ஜெட் போட வேண்டும். 2022 ஜனவரியில் டோங்காவில் கடலடி எரிமலை வெடித்தபோது நாட்டை வெளியுலகோடு இணைத்த கேபிள் அறுந்தது. சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது. அந்நாட்டின் வெளித்தீவுகள் சில அதைவிட மிக நீண்ட காலம் காத்திருந்தன. கேபிளில் ஒன்று, செயற்கைக்கோளில் ஒன்று என்று வைத்துக்கொள்வது நல்லது.

7. மருத்துவம்: மூன்றாவது தலைப்பு நிரம்பும் இடம்

ஒரு பல்லை எடுத்துக்கொள்வோம். வேர் சிகிச்சை செய்ய வேண்டும். தீவில் பல் மருத்துவர் இல்லை. கடல் தாண்டி இருக்கும் மருத்துவர் மூன்று முறை வரச் சொல்கிறார். ஒவ்வொரு முறைக்கும் போகவரப் படகு, துறைமுகத்திலிருந்து டாக்ஸி, மாலைப் படகைப் பிடிக்க முடியாததால் ஓர் இரவு விடுதி, இரண்டு வேளை சாப்பாடு. மூன்றால் பெருக்குங்கள். மருத்துவர் வாங்கியதைவிட வழிச்செலவு அதிகமாக வந்திருக்கும். கண்ணாடி மாற்ற, ரத்தப் பரிசோதனைக்கு, ஸ்கேன் எடுக்க என்று ஆண்டுக்கு எத்தனை முறை போவீர்கள் என்று எழுதுங்கள். ஆளுக்கு நான்கு முறை என்று வைத்துத் தொடங்கலாம். வயது கூடியவர்கள் ஆறு. கிளம்பும் முன்பே பல், கண் இரண்டையும் முழுதாகப் பார்த்து முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பெரிய நோய்க்குக் காப்பீடு. அதில் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள்: விமானத்தில் கொண்டுபோகும் செலவு அடங்குமா, எந்த ஊர் மருத்துவமனை வரை, யார் முடிவு செய்வது. விமான ஆம்புலன்ஸ் பல்லாயிரம் டாலர்களில் போகும். சேமிப்பிலிருந்து கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் சிகிச்சை வேண்டாம் என்று விலக்கிய பாலிசி கணிசமாக மலிவு. ஏற்கெனவே உள்ள நோயை மறைக்க வேண்டாம். பணம் கேட்கும் நாளில் அதைத்தான் முதலில் தோண்டுவார்கள்.

தினமும் எடுக்கும் மாத்திரைகள் அந்த நாட்டில் கிடைக்கின்றனவா, சட்டப்படி கொண்டுபோகலாமா என்று மருந்தின் வேதிப் பெயரை வைத்து விசாரியுங்கள். வெயிலில் நின்ற படகில் வந்த இன்சுலினை நம்ப முடியாது.

8. வரியும் வங்கியும்

ஆண்டில் பாதிக்கு மேல், அதாவது பல நாடுகளில் 183 நாள், தங்கினால் அங்கே வரி செலுத்தும் குடியிருப்பவர் ஆகிவிடுவீர்கள். தாய்லாந்தில் 180 நாள். அங்கே 2024 ஜனவரி 1 முதல், அந்த ஆண்டிலிருந்து வெளிநாட்டில் ஈட்டி உள்ளே கொண்டுவரும் வருமானத்துக்கு எந்த ஆண்டு கொண்டுவந்தாலும் வரி உண்டு என்று விதியை இறுக்கினார்கள். அதற்கு முன், அடுத்த ஆண்டு வரை காத்திருந்து கொண்டுவந்து பலர் தப்பினார்கள். அமெரிக்கக் குடிமக்கள் எந்தத் தீவுக்குப் போனாலும் சொந்த நாட்டுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். இரு நாட்டுக்கும் இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் வரி ஆலோசகருக்குப் பணம் கொடுங்கள். இந்த வழிகாட்டியில் யாருக்காவது கூசாமல் பணம் கொடுக்கச் சொல்கிறேன் என்றால் அது இவருக்குத்தான்.

ஏடிஎம்மில் "உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா?" என்று திரை கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள். உள்ளூர் நாணயத்திலேயே எடுத்தால் மாற்று விகிதத்தில் நடக்கும் கொள்ளை மிச்சம்.

9. எதைக் கொண்டுபோவது

20 அடிக் கண்டெய்னரில் சுமார் 33 கன மீட்டர் கொள்ளும். நிரப்பத் தோன்றும். சோபாவும் மர அலமாரியும் இரண்டு மழைக்காலம் தாங்காது, விட்டுவிடுங்கள். நல்ல சமையல் பாத்திரம், வேலைக் கருவிகள், மெத்தை, கூடுதல் ஜோடிக் கண்ணாடி, ஒவ்வொரு மின்கருவிக்கும் உதிரிப்பாகம், இவை போதும். பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்குப் பல நாடுகள் தீர்வை விலக்குத் தருகின்றன, ஆனால் குடியிருப்பு அனுமதியும் கால வரம்பும் கேட்கும். சாமான் விசாவுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டால் துறைமுகத்தில் நாள் வாடகை ஓடிக்கொண்டிருக்கும்.

10. மோசமான மாதத்தில் ஒத்திகை பாருங்கள்

இப்போது நோட்டில் மூன்று தலைப்புகளும் நிரம்பியிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை வருவதை 12ஆல் வகுத்து மாதத்தில் சேருங்கள். அப்படிக் கிடைக்கும் மாதச் செலவோடு பழுதுக்கென்று பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். அதற்கு வெளியே, தொடாத கையிருப்பாக ஆறு மாதச் செலவு, ஊர் திரும்ப எல்லோருக்கும் விமான டிக்கெட், காப்பீட்டில் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு ஆகிய மூன்றும் தனிக் கணக்கில் இருக்கட்டும்.

அப்புறம் வீட்டைக் காலி செய்யாமல், வேலையை விடாமல், ஒரு மாதம் போய்த் தங்குங்கள். மழை உச்சத்தில் இருக்கும் மாதமாகப் பார்த்துப் போங்கள். விடுதி வேண்டாம்; சமையலறை உள்ள சாதாரண வாடகை வீடு. தினமும் இரவு செலவை அதே மூன்று தலைப்புகளில் எழுதுங்கள். படகு நின்றுபோகும் நாட்கள் வந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள், அந்த நாட்களுக்காகத்தான் போயிருக்கிறீர்கள். மின்சாரம் எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தது, கடையில் முதலில் தீர்ந்த பொருள் எது, அன்றைக்கு யாருக்காவது காய்ச்சல் வந்திருந்தால் எங்கே போயிருப்பீர்கள், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்த நோட்டை ஊரில் இருக்கும்போது போட்ட கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் வீட்டுக்காரருக்குப் போன் செய்யுங்கள்.